டர்போ காருக்கு எந்த ஆயில் ஃபில்டர்? டப்பாவின் நிறத்தை விடுங்கள், உள்ளே பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், ரீமேப் (சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்தாகிவிட்டது. தினசரி ஓட்டும் கார்தான், ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக்கில் இறங்கும். இதற்குக் கம்பெனி ஃபில்டர் போதுமா? "ஹை ஃப்ளோ" என்று எழுதி, தலையில் நட் வைத்து வரும் இறக்குமதி ஃபில்டர் வேண்டுமா? "99 சதவீதம் வடிகட்டும்" என்பதை எவ்வளவு நம்பலாம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுபவர் என்றால் நம்பகமான இடத்தில் வாங்கிய கம்பெனி ஃபில்டர் போதும். அதே எஞ்சினுக்கென்று கேட்டலாக்கில் போட்டிருக்கும் மான், மாலே, ஹெங்ஸ்ட், பாஷ் ஃபில்டர் ஏதாவது ஒன்றும் போதும். 10,000 கிலோமீட்டர் வரை ஓட்டப்போகிறீர்கள் என்றால் சிந்தெடிக் இழை ஊடகம் (டப்பாவுக்குள் வடிகட்டும் மடிப்புப் பொருள்) உள்ளதற்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். "ஹை ஃப்ளோ" என்ற இரண்டு வார்த்தைக்காக மட்டும் ஒரு ரூபாய்கூட அதிகம் தரவேண்டாம். இனி காரணங்கள்.

ஆயில் பம்ப் என்பது தண்ணீர் மோட்டார் போன்ற மையவிலக்கு பம்ப் அல்ல. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளுகிற வகை. முன்னால் தடை கூடினால் அது கொஞ்சமாகத் தள்ளாது. அழுத்தத்தைக் கூட்டி அதே அளவைத் தள்ளும். பம்பின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடுவது) திறக்கும்வரை, அல்லது ஃபில்டரின் பைபாஸ் வால்வு (தடை மிஞ்சினால் ஆயிலை வடிகட்டாமலே விடுவது) திறக்கும்வரை, எஞ்சினுக்குப் போகும் ஆயிலின் அளவு ஃபில்டரால் குறைவதில்லை. உங்கள் எஞ்சினில் பம்பின் அளவையே இசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது, ஆக ஃபில்டரில் விழும் சிறு இழப்பு இன்னும் பெரிய விஷயமில்லை. ஆயில் சூடேறிய பிறகு, புது ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சில பிஎஸ்ஐ-தான். மெயின் கேலரியில், அதாவது எஞ்சினின் முக்கிய ஆயில் பாதையில், 50, 60 பிஎஸ்ஐ ஓடும்போது இது ஒரு பொருட்டே அல்ல. ஹை ஃப்ளோ ஃபில்டர் மாட்டியதும் எஞ்சின் லேசாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், கூடவே மாற்றிய புது ஆயிலுக்கு அந்தப் புகழைக் கொடுங்கள்.

தடை உண்மையிலேயே உயர்வது ஆயில் குளிர்ந்திருக்கும்போது. 5டபிள்யூ-40 ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரியில் சுமார் 14 சென்டிஸ்டோக். 40 டிகிரியில் ஏறத்தாழ 85. சென்னையில் விடிகாலை 25 டிகிரி என்றால் இன்னும் கெட்டி. ஊட்டியில் டிசம்பர் காலை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் 4,000 ஆர்பிஎம் தொட்டால் எந்த ஃபில்டராக இருந்தாலும் பைபாஸ் திறக்கலாம், திறந்தால் வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்கும் டர்போவுக்கும் போகும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். ஆயில் அதைவிட மெதுவாகச் சூடேறும். ஆயில் வெப்பம் 80 டிகிரி தாண்டும்வரை மெதுவாக ஓட்டுவது, ஃபில்டர் டப்பாவில் அச்சடித்த எந்த வாக்குறுதியையும்விட அதிகம் காப்பாற்றும்.

அடுத்து பைபாஸ் வால்வு. குழப்பம் அதிகம் இங்கேதான். "என் எஞ்சினில் 60 பிஎஸ்ஐ அழுத்தம். பைபாஸ் 15 பிஎஸ்ஐ-யில் திறந்தால் எப்போதும் திறந்தேதானே இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. வால்வு பார்ப்பது மொத்த அழுத்தத்தை அல்ல, ஊடகத்தின் அழுக்குப் பக்கத்துக்கும் சுத்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. உள்ளே 60, வெளியே 57 என்றால் வால்வு பார்ப்பது 3 மட்டுமே. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ ஆயில் கெட்டியாக இருந்தாலோ அந்த வித்தியாசம் ஏறும், அப்போது திறக்கும்.

இந்த எண் காருக்குக் கார் மாறும். பல ஃபில்டர்கள் 8 முதல் 17 பிஎஸ்ஐ-க்குள் திறப்பவை; சுபாருவின் டர்போ எஞ்சின்களுக்கு 23 பிஎஸ்ஐ அளவில் கேட்கிறார்கள், அதன் பம்ப் தள்ளும் அளவு பெரிது. சில எஞ்சின்களில் பைபாஸ் வால்வு ஃபில்டரிலேயே இருக்காது, பிளாக்கிலோ ஹவுசிங்கிலோ இருக்கும். ஆகவே "மரை சரியாக இருக்கிறது, அளவும் சரி, வேறு காருக்கானது என்றாலும் பரவாயில்லை" என்று மாட்டுவது தப்பு. வால்வு சீக்கிரமே திறக்கும் ஃபில்டரை மாட்டினால், ஆர்பிஎம் ஏற்றும்போதெல்லாம் ஆயிலில் ஒரு பங்கு வடிகட்டப்படாமல் சுற்றும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. லைட் எரியாது, சத்தம் வராது, பேரிங் மட்டும் தேயும்.

மைக்ரான் கணக்குக்கு வருவோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி சுமார் 70 மைக்ரான். கிராங்க் பேரிங்கின் இடைவெளி 25 முதல் 50 மைக்ரான். சுமை ஏறும்போது அங்கே ஆயில் படலம் சில மைக்ரானுக்கு மெலியும். அந்தப் படலத்தைவிடச் சற்றுப் பெரிய தூள்தான் இரண்டு பக்கத்தையும் உரசித் தேய்க்கும். சுமார் 5 முதல் 20 மைக்ரான் துகள்கள்தான் தேய்மானத்தில் பெரும் பங்கு வகிப்பவை. ரொம்பப் பெரிய துகள் இடைவெளிக்குள்ளேயே நுழையாது, ரொம்பச் சின்னது படலத்தோடு மிதந்து போய்விடும்.

"99 சதவீதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. எத்தனை மைக்ரானில் என்று கேளுங்கள். 40 மைக்ரானில் 99 சதவீதம் என்பது சாதாரண ஃபில்டர்; 20 மைக்ரானில் 99 என்றால் நல்ல ஃபில்டர். அடுத்து எந்தச் சோதனையில் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 4548-12 என்று போட்டிருந்தால் நல்லது. அதில் சோதனைத் தூள் கலந்த ஆயிலைத் திரும்பத் திரும்ப ஃபில்டர் வழியே சுற்றவிட்டு, முன்னும் பின்னும் துகள்களை எண்ணுவார்கள். சில தயாரிப்பாளர்கள் பீட்டா எண் கொடுப்பார்கள். பீட்டா 2 என்றால் உள்ளே போன இரண்டில் ஒன்று தப்பிவிட்டது, 50 சதவீதம். பீட்டா 20 என்றால் 95. பீட்டா 75 என்றால் 98.7. பீட்டா 100 என்றால் 99. "20 மைக்ரான் நாமினல்" என்று மட்டும் இருந்தால் ஜாக்கிரதை. பாதியைப் பிடித்தாலே நாமினல் என்று எழுதிவிடுவார்கள்.

95-க்கும் 99-க்கும் நான்கு சதவீதம்தானே வித்தியாசம் என்று தோன்றும். தப்புவதை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் துகள் போனால் ஒன்றில் 50 தப்பும், மற்றதில் 10. ஐந்து மடங்கு. ஆனாலும் இதற்காகத் தூக்கம் கெடவேண்டாம், ஏனென்றால் சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் நாலு லிட்டர் சொச்ச ஆயில் ஒரே நிமிடத்தில் பல தடவை ஃபில்டரைக் கடக்கிறது. முதல் சுற்றில் தப்பியது அடுத்த சுற்றுகளில் மாட்டும். இன்னொன்று: காகித ஊடகம் கொஞ்சம் அழுக்கு பிடித்த பிறகுதான் இன்னும் நுணுக்கமாக வடிகட்டும். 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரை மட்டும் மாற்றுகிறேன் என்பவர் காசைத்தான் வடிகட்டுகிறார்.

ஊடகத்தில் மூன்று வகை உண்டு. செல்லுலோஸ் காகிதம், காகிதத்தோடு சிந்தெடிக் இழை கலந்தது, முழு சிந்தெடிக், அதாவது நுண் கண்ணாடி இழை, பெரும்பாலும் பின்னால் கம்பி வலைத் தாங்கலோடு. முழு சிந்தெடிக்கில் இழைகள் மெல்லியவை, ஒரே சீரானவை. அதனால் அதே நுணுக்கத்துக்குத் தடை குறைவு, அழுக்கு பிடிக்கும் கொள்ளளவும் அதிகம். ஆயிலில் நீரோ பெட்ரோலோ கலந்தாலும் காகிதம்போல் ஊறித் தளராது. நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள டர்போ எஞ்சினில் பெட்ரோல் ஆயிலில் கலப்பது சகஜம் என்பதால் இது கவனிக்கவேண்டிய விஷயம். ஆனால் இதன் முழுப் பலன் நீண்ட இடைவெளிக்குத்தான். 5,000 கிலோமீட்டரில் கழற்றி எறியப்போகிற ஃபில்டரில் கொள்ளளவு மீதம் இருந்து என்ன பயன்?

இனி டப்பாவின் மற்ற உறுப்புகள். ஓரத்துத் துளைகள் வழியாக ஆயில் உள்ளே போகிறது, மடிப்புகளைக் கடந்து, நடுக்குழாய் வழியாக வெளியே வருகிறது. அந்த ஓரத் துளைகளுக்குள் எட்டிப்பார்த்தால் ஒரு ரப்பர் வளையம் தெரியும். எஞ்சின் நின்றதும் ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் வால்வு அது. கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரைல், ஆரஞ்சோ சிவப்போ என்றால் பெரும்பாலும் சிலிகான். டிராக்கில் ஆயில் 120, 130 டிகிரி தொடும். அந்தச் சூட்டில் நைட்ரைல் சீக்கிரம் இறுகிவிடும், சிலிகான் தாங்கும். இறுகினால் இரவு முழுக்க ஃபில்டர் காலியாகி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி கடகடவென்று சத்தம் வரும். ஃபில்டர் படுத்தவாக்கில் அல்லது வாய் கீழாக மாட்டியிருக்கும் எஞ்சின்களில் இந்த வால்வு உயிர்நாடி. வாய் மேலாக, கிண்ணம்போல் தொங்கினால் அவ்வளவு முக்கியமில்லை.

நடுக்குழாயில் துளைகள் சுத்தமாக வெட்டியிருக்க வேண்டும். துளைக்குப் பதில் கீறல் போட்டு மடக்கிய வகையில், சில மலிவு ஃபில்டர்களில் அந்தக் கீறல்கள் சரியாகத் திறக்காமலே வருகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மடிப்புகளின் இரு முனையிலும் உள்ள மூடி அட்டையாக இருந்தால் உடனே மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒட்டு நன்றாக இருந்தால் அட்டையும் வேலை செய்யும். ஒட்டு விட்டுப்போனால் உலோக மூடியும் பயனில்லை. மடிப்பு எண்ணிக்கையைவிட மடிப்புகள் சீராக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இரண்டு மடிப்பு ஒட்டிக்கொண்டு, மூன்றாவது அகன்று கிடந்தால் ஆயில் எல்லாம் அந்த அகன்ற இடத்தில்தான் போகும்.

மரை விஷயத்தில் ஒரு அபாயம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பரவலாக இருக்கும் இரண்டு மரைகள்: முக்கால் அங்குலம் 16 மரை, மற்றது எம்20 × 1.5. உங்கள் 1.5 டிஎஸ்ஐ முதல் வகை. டொயோட்டாவில் பெரும்பாலும் அதேதான். ஹூண்டாய், ஹோண்டா, சுபாரு எல்லாம் எம்20. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம், மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் எம்20 ஃபில்டர் முக்கால் அங்குல ஸ்டட்டில் ஏறிவிடும். சுற்றும், கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அமரும், இறுகியதுபோலவும் இருக்கும். குளிர்ந்த ஆயிலின் அழுத்தம் எகிறும் ஒரு காலையில், அல்லது நேர்ச்சாலையின் முடிவில், மரை பிடி விட்டுக் கழன்று, சில வினாடியில் சம்ப் காலி. கையால் சுற்றும்போது ஆட்டம் தெரிந்தால் நிறுத்துங்கள். இது நடப்பதே "அளவு ஒன்றுதான் சார்" என்று கடையில் எடுத்துக் கொடுக்கும்போதுதான்.

தலையில் பற்றவைத்த ஒரு அங்குல நட் கழற்றுவதற்கு வசதி, டிராக்கில் கம்பி கட்டிப் பூட்ட அதில் துளையும் இருக்கும். அந்த நட்டில் ஸ்பேனர் போட்டு இறுக்காதீர்கள், கழற்ற மட்டும்தான். டிராக்குக்குக் கம்பி கட்ட வசதியில்லை என்றால், டப்பாவைச் சுற்றி ஹோஸ் கிளாம்ப் போட்டு, அதன் திருகுப் பகுதி பிளாக்கில் ஏதாவது மேட்டில் முட்டும்படி திருப்பிவைத்தால் டப்பா தானாகச் சுழன்று கழலாது. பழைய வித்தை, செலவு ஐம்பது நூறு ரூபாய்க்குள்.

ஒரு சைஸ் நீளமான ஃபில்டர் போடலாமா? அதே மரை, அதே கேஸ்கெட் விட்டம், அதே பைபாஸ் என்றால் போடலாம். ஊடகப் பரப்பு கூடும். ஆனால் நம் ஊர் வேகத்தடையை மனதில் வையுங்கள். சம்ப் மட்டத்துக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் நீட்டினாலும் வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளியும் பார்க்கவேண்டும்.

கழுவித் திரும்பப் போடும் ஸ்டீல் வலை ஃபில்டர் பார்க்க அழகு. ரேஸ் டீம்கள் அதைப் போடுவது ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் திறந்து பார்த்து உலோகத் தூளை ஆராய்வதற்காக. வலையின் கண் பெரும்பாலும் 30 மைக்ரானுக்கு மேல். தினசரி ஓடும் காருக்கு அது வடிகட்டியே அல்ல, சல்லடை. டப்பாவில் ஒட்டும் காந்தம் கெடுதல் செய்யாது, இரும்புத் தூளை மட்டும் பிடிக்கும். அலுமினியத்தையும் மண் தூசியையும் அதற்குத் தெரியாது.

ஆக்டேவியா விஆர்எஸ் 2.0 டிஎஸ்ஐ, பிஎம்டபிள்யூ போன்றவற்றில் டப்பா கிடையாது, கார்ட்ரிட்ஜ்தான்: மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் வடிகட்டியை மட்டும் மாற்றும் வகை. அங்கே கெடுவது ஃபில்டரைவிட மூடிதான். புது ஓ-ரிங் கட்டாயம், ஆயில் தடவி, அதற்கென்று உள்ள பள்ளத்தில் போடவேண்டும். மரையின் மேல் மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நடுவில் வரும் பிளாஸ்டிக் குழாய் பழைய கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுவதும் உண்டு. அது இல்லாவிட்டால் புது கார்ட்ரிட்ஜ் நசுங்கும் அல்லது ஆயில் வடிகட்டாமலே போகும். மூடி பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டர், மூடியிலேயே அச்சடித்திருப்பார்கள்.

டூப்ளிகேட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னையின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைத்தெருவான ஜிபி ரோட்டில் நல்ல கடைகளும் இருக்கின்றன, மலிவு வேட்டைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும் கடைகளும் இருக்கின்றன. கையில் பழைய ஒரிஜினல் இருந்தால், புதியதை வாங்கும்முன் பக்கத்தில் வையுங்கள். எடை கணிசமாகக் குறைவு, மரைத் தகடு மெல்லியது, மரையில் பிசிறு, கேஸ்கெட் பள்ளத்தில் லொடலொடவென்று ஆடுவது, வடிதடுப்பு வால்வு கோணலாக இருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். வாரன்டி உள்ள கார் என்றால் பில்லை எடுத்து வையுங்கள். ரீமேப் செய்த காருக்கு வாரன்டி பேச்சு வேறு கதை.

மாட்டும் முறை. எஞ்சினைப் பத்து நிமிடம் சூடாக்கி, நிறுத்தி, ஆயிலை வடியுங்கள். பழைய ஃபில்டர் கழன்றதும் அதன் கேஸ்கெட் டப்பாவோடு வந்ததா என்று பாருங்கள். பிளாக்கிலேயே ஒட்டி நின்று, அதன்மேல் புதியதை மாட்டினால் இரட்டை கேஸ்கெட் ஆகிவிடும். ஐடிலில் பிடித்துக்கொள்ளும், ஆர்பிஎம் ஏறியதும் பிதுங்கித் தெறிக்கும். முகப்பை நூல் பிரியாத துணியால் துடைத்து, புது கேஸ்கெட்டில் விரலால் ஆயில் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். வாய் மேலாக நிற்கும் வகை என்றால் பாதிக்குமேல் ஆயில் ஊற்றி மாட்டலாம், ஆனால் ஓரத் துளைகள் வழியாக மட்டும். நடுத்துளை சுத்தப் பக்கம். அங்கே ஊற்றுவது வடிகட்டாமல் பேரிங்குக்குப் போகும். கையால் சுற்றி கேஸ்கெட் தொட்ட பிறகு முக்கால் சுற்று. டார்க் ரெஞ்ச் இருந்தால் உங்கள் எஞ்சினுக்கு 20 நியூட்டன் மீட்டர். இதற்குமேல் "ஒரு பிடி கூட" போட்டால் அடுத்த சர்வீஸில் ஸ்க்ரூ டிரைவரை டப்பாவில் குத்தித்தான் கழற்றவேண்டிவரும்.

ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஆயில் லைட் சில வினாடியில் அணையவேண்டும். பத்து வினாடி ஆகியும் எரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு கசிவு பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். புது ஃபில்டர் குடித்த 200, 300 மில்லி அப்போது குறைந்து தெரியும். 100 கிலோமீட்டர் கழித்து மறுபடி ஒரு பார்வை. டிராக் டேக்கு முந்தைய நாள் புது ஃபில்டர் மாட்டி நேராகக் களத்தில் இறக்காதீர்கள். கசிவு இருந்தால் ரோட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போங்கள்.

ஃபில்டரால் முடியாததும் உண்டு. நீண்ட வேகமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சினால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. அதற்கு டிராக்கில் ஆயில் அளவை மேல் கோட்டிலேயே வைத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் சம்பில் தடுப்புத் தகடு வைக்கவேண்டும்.

கடைசியாக, கழற்றிய பழைய ஃபில்டரை எறியாதீர்கள். அதுதான் எஞ்சினின் ரத்தப் பரிசோதனை. ஃபில்டர் கட்டர் வாங்கி, மரைத் தகட்டை ஒட்டி வெட்டித் திறங்கள். ஹேக்சா பிளேடு வேண்டாம். அதன் இரும்புத் தூளையே எஞ்சின் தேய்மானம் என்று நினைத்துப் பயப்படுவீர்கள். ஊடகத்தை மடிப்பு மடிப்பாக வெட்டி, வைஸில் அழுத்தி ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். மடிப்பு எங்காவது கிழிந்திருக்கிறதா, நடுக்குழாய் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த பிராண்டை விட்டுவிடுங்கள். கறுப்பு மசியும் அங்கொன்று இங்கொன்றாக மினுமினுப்பும் சாதாரணம். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு: ரிங், கேம், டைமிங் செயின் உள்ள எஞ்சினில் செயின். ஒட்டாத வெள்ளி நிறத் துண்டு அலுமினியம்: பிஸ்டன் அல்லது பேரிங்கின் மேல் அடுக்கு. விரலால் எடுக்குமளவு துண்டுகள், அல்லது செம்பு நிறத்தில் மினுங்கும் தகடு தெரிந்தால், மேல் அடுக்கு தேய்ந்து பேரிங்கின் உள் அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். அந்தக் காரை டிராக்குக்கு மட்டுமல்ல, ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றி அனுப்புங்கள். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும்போது ஆயில் கூலரையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் மெல்லிய வழிகளுக்குள் ஒதுங்கிய தூளை எவ்வளவு கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது, புது பேரிங்கை அது மறுபடி தின்றுவிடும்.